மிஞ்சிய பொருளும் மிஞ்சாத மனிதர்களும்

என் அண்ணன் மகள் இங்கிலாந்தில் நாரிச் என்கிற ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸாக வேலை செய்கிறாள். எங்கள் சேரியிலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள் அவள்தான். 'வந்து ஒரு மாசம் இருந்துட்டுப் போங்க சித்தப்பா' என்று டிக்கெட் எடுத்து அனுப்பினாள். போனேன். இரவு வேலை பார்த்துவிட்டு வந்து அவள் பகலில் தூங்குவாள். நான் எங்கே போவது? குளிருக்குப் பயந்து மியூசியத்துக்குள் நுழைந்தேன். அப்படித்தான் ஆரம்பித்தது இது. ஆராய்ச்சி செய்யப் போனவன் இல்லை நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாரிச் இருப்பது நார்ஃபோக் கவுன்டியில். கவுன்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. இங்கிலாந்தின் கிழக்கே கடலைப் பார்த்தபடி கிடக்கிற விவசாய பூமி. 2010ல் பிரிட்டிஷ் மியூசியமும் பி.பி.சி. வானொலியும் சேர்ந்து நூறு பொருட்களை வைத்து உலக வரலாற்றைச் சொன்னார்கள். அது எல்லோருக்கும் பிடித்துப்போய்விட்டது. மாவட்டங்களும் அதே முறையில் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கின. நார்ஃபோக்கின் வரலாறும் நூறு பொருட்களில் 2015ல் புத்தகமாக வந்தது.

ராஜா, ராணி, சண்டை, தேதி என்று எழுதுவதைவிட இது நல்ல முறைதானே என்று தோன்றும். சட்டி வரும், கோடரி வரும், நெய்த துணி வரும். சாதாரண சனங்களும் வரலாற்றுக்குள் வந்துவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு நாள் சாயங்காலம் பார்த்ததையெல்லாம் அண்ணன் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். டீயை ஆற்றிக்கொண்டே அவள் கேட்டாள்: 'நம்ம வீட்ல என்ன சித்தப்பா இருக்கு, எடுத்து வைக்கிறதுக்கு?'

எனக்குப் பதில் வரவில்லை. பொருளை வைத்துத்தான் வரலாறு என்றால், பொருளே இல்லாதவர்களுக்கு வரலாறு உண்டா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

1

நார்ஃபோக்கில் கிடைத்த பொருட்களில் பெரும் புகழ் பெற்றது ஸ்னெட்டிஷாம் கழுத்தணி. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தையது. தங்கமும் வெள்ளியும் கலந்த கம்பிகளைக் கயிறு போல முறுக்கிச் செய்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை. அதைக் கழுத்தில் போட்டவர் தலையை நிமிர்த்தியே இருந்திருக்கவேண்டும். இப்போது அது இருப்பது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில்.

அந்த நிலத்தில் 1948ல் முதல் புதையல் தட்டுப்பட்டது ஒரு உழவுத் தொழிலாளியின் கலப்பையில். பழைய பித்தளைக் கட்டிலின் துண்டு என்று நினைத்து வயலோரத்தில் போட்டுவைத்தார்களாம். கூலிக்காரன் கையில் தங்கம் வந்தால் அது பித்தளையாகத்தான் இருக்கும் என்று அவனுக்கும் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும். எனக்கு அந்தக் கதை கழுத்தணியைவிடப் பிடித்திருந்தது.

தங்கம் துருப்பிடிக்காது. எங்கம்மா முடைந்த கூடை ஒரு மழைக்காலம் தாங்காது. ஓலைக் குடிசை, ஈச்சம்பாய், சுரைக்குடுக்கை, கந்தல் இதெல்லாம் மக்கிப் போகும். ராஜாவின் வாளும் கோயிலின் செம்பும் கிடக்கும். மியூசியம் கட்டுகிறவன் தேர்வு செய்வதற்கு முன்பே மண் ஒரு தேர்வை முடித்துவிடுகிறது. அந்தத் தேர்வு உடையவன் பக்கம்தான் சாய்கிறது. 'நாங்கள் பாரபட்சம் பார்க்கவில்லை, கிடைத்ததை வைத்திருக்கிறோம்' என்று எந்த மியூசியமும் சொல்லலாம். கிடைத்ததே பாரபட்சம்தான் என்பது நம்முடைய பதில்.

சரி, அதோடு கதை முடிந்ததா என்றால் இல்லை. கிங்ஸ் லின் ஊர் மியூசியத்தில் பழைய ஓக் மரத்துண்டுகள் நிற்கின்றன. 1998ல் கடலோர மணலில் வெளிப்பட்டவை. வட்டமாக நட்ட 55 மரங்கள், நடுவே வேர் மேலே பார்க்கத் தலைகீழாகப் புதைத்த ஒரு பெரிய அடிமரம். மரத்தின் வளையங்களை எண்ணி, கி.மு. 2049ல் வெட்டப்பட்டவை என்று கண்டார்கள். பிறகு ஒருவர் மரத்தில் பதிந்த வெட்டுக்காயங்களை ஒவ்வொன்றாக அளந்தார்கள். கோடரிக்குக் கோடரி வாய் வேறு, வளைவு வேறு. ஐம்பதுக்குக் குறையாத வெவ்வேறு கோடரிகள் அந்த மரங்களில் விழுந்திருக்கின்றன என்று தெரிந்தது.

நாலாயிரம் வருஷத்துக்கு முன் மரம் வெட்டியவர்களின் பெயர் கிடைக்கவில்லை. ஆனால் எத்தனை கோடரி வேலை செய்தது என்ற கணக்கு கிடைத்துவிட்டது. எதனால்? இது எந்தச் சாமிக்கு, எந்தத் தலைவனுக்கு என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், வெட்டியது எத்தனை பேர் என்றும் கேட்டதால். பொருள் தானாகப் பேசாது. கேட்டால்தான் சாட்சி சொல்லும். கேட்கிறவன் யாரோ, அவனுக்கு வேண்டியதைத்தான் சொல்லும்.

அன்றிலிருந்து எந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றாலும் மூன்று கேள்வி கேட்கப் பழகினேன். இதைச் செய்தது யார்? சுமந்தது யார்? இதைத் தொடக்கூடாது என்று தள்ளி நிறுத்தப்பட்டது யார்? மூன்றாவது கேள்வி நம் ஊர்க் கேள்வி. அதை நாம்தான் கொண்டுபோக முடியும்.

2

நாரிச் ஊர் நடுவே மேட்டின் மேல் ஒரு கோட்டை. நார்மன் ராஜாக்கள் கட்டியது. முதலாம் ஹென்றி ராஜா 1121ல் கிறிஸ்துமசுக்கு அங்கே வந்து தங்கினான். அதன்பிறகு நூற்றாண்டுக் கணக்காக அது சிறைச்சாலை. 1887 வரை கைதிகள் இருந்தார்கள். 1894ல் மியூசியம் ஆனது. 2025ல் கோட்டையின் நடுக் கட்டடத்தைப் புதுப்பித்துத் திறந்தபோது ராஜா காலத்து அரண்மனை எப்படி இருந்ததோ அப்படி வண்ணமும் துணியும் நாற்காலியுமாக அலங்கரித்திருக்கிறார்கள். ராஜா ஒரு கிறிஸ்துமசுக்கு வந்தான். கைதிகள் பல நூறு வருஷம் இருந்தார்கள். அலங்காரம் யாருக்கு என்று பாருங்கள்.

கைதிகளையும் மறந்துவிடவில்லை, அதையும் சொல்லவேண்டும். தூக்கில் போட்டவர்களின் முகத்தைச் சாந்தில் வார்த்து எடுத்து வைத்திருக்கிறார்கள். மண்டையின் மேடுபள்ளத்தைப் பார்த்துக் குணத்தைச் சொல்லலாம் என்று நம்பிய 19ஆம் நூற்றாண்டுப் போலி விஞ்ஞானத்தின் மிச்சம் அது. அந்த மூடிய கண்களைப் பார்த்தபோது எனக்குச் சென்னை எழும்பூர் மியூசியம் ஞாபகம் வந்தது. 1885லிருந்து 1908 வரை அதற்குத் தலைமை வகித்த எட்கர் தர்ஸ்டன் நம் சனங்களின் மூக்கையும் தலையையும் அளந்து சாதி சாதியாகக் குறித்துவைத்தவர். இவர்கள் பிறவிக் குற்றவாளிகள் என்று ஒரு கூட்டத்தையே பதிவு செய்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1871ல் வந்தது. அங்கே தூக்கில் தொங்கிய ஏழையின் தலையை அளந்தார்கள். இங்கே உயிரோடு நின்றவனின் தலையை அளந்தார்கள். அளந்தவன் தலையை யாரும் அளக்கவில்லை.

கோட்டைச் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதன் கதையைச் சொல்கிறேன். 1549 ஜூலையில் விமாண்டம் என்ற ஊரில் விவசாயிகள் வேலிகளைப் பிடுங்கினார்கள். ஊருக்குப் பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலத்தைப் பண்ணையார்கள் வளைத்துப் போட்ட வேலி அது. ராபர்ட் கெட் என்பவன் தானே ஒரு நிலச்சொந்தக்காரன். தன் வேலியையும் பிடுங்கச் சொல்லிவிட்டு அவர்களுக்குத் தலைமை தாங்கினான். பதினாறாயிரம் பேர்வரை நாரிச்சுக்கு வெளியே மௌஸ்ஹோல்டு மேட்டில் முகாம் போட்டார்கள். 29 கோரிக்கை எழுதி ராஜாவுக்கு அனுப்பினார்கள். அதில் ஒன்று, அடிமைப்பட்ட குடிகளையெல்லாம் விடுதலை செய்யவேண்டும் என்பது. ஆகஸ்டில் படை வந்தது. மூவாயிரம் பேர் செத்ததாகச் சொல்கிறார்கள். டிசம்பர் 7ஆம் தேதி கெட்டை இதே கோட்டைச் சுவரில் தூக்கில் தொங்கவிட்டார்கள்.

பஞ்சமி நிலத்துக்கான காரணைப் போராட்டத்தில் 1994ல் இரண்டு உயிரைக் கொடுத்தவர்களுக்கு, வேலி என்றால் என்ன, நிலம் என்றால் என்ன என்று இங்கிலாந்துக்காரன் சொல்லித்தரவேண்டியதில்லை. நான் நின்று யோசித்தது வேறு விஷயம். அந்தக் கல்வெட்டு 1949ல் வைத்தது. சரியாக நானூறு வருஷம் கழித்து. நாரிச் குடிமக்கள் கெட்டுக்குச் செய்த அநியாயத்துக்குப் பரிகாரமாகவும் மரியாதையாகவும் வைத்தார்கள். அதை முன்னின்று செய்தவர் ஃபிரெட் ஹென்டர்சன். சோற்றுக்கு நடந்த கலவரத்தில் கலந்துகொண்டதற்காக அதே கோட்டையில் சிறை இருந்தவர். பிறகு அந்த நகரத்தின் மேயர் ஆனவர்.

துரோகி என்று தொங்கவிட்ட சுவரிலேயே மரியாதை செய்யும் கல் பதித்திருக்கிறார்கள். கல் தானாக வரவில்லை. உள்ளே கிடந்து வந்தவன் ஒருத்தன் அதிகாரத்தில் உட்கார்ந்தபிறகுதான் வந்தது. இது நமக்குப் பாடம். மியூசியத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், மியூசியத்தின் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

3

லீவு நாளில் அண்ணன் மகள் என்னை கிரெசன்ஹால் அழைத்துப்போனாள். வயல்களுக்கு நடுவே பெரிய செங்கல் கட்டடம். 1777ல் கட்டிய வொர்க்ஹவுஸ். கதியற்றவர்களை அடைத்து வேலை வாங்கிச் சோறு போட்ட இடம். 1834ல் புதுச் சட்டம் வந்தது. உள்ளே இருப்பவன் நிலைமை, வெளியே இருக்கிற மிக ஏழைக் கூலிக்காரன் நிலைமையைவிடக் கீழே இருக்கவேண்டும் என்பது அதன் கொள்கை. அப்போதுதான் எவனும் உள்ளே வர யோசிப்பானாம். வந்தால் புருசன் ஒரு பக்கம், பெஞ்சாதி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். சொந்தத் துணியைக் கழற்றி வாங்கிக்கொண்டு அங்கத்து உடையை மாட்டிவிடுவார்கள்.

அந்த உடையில் ஒரு சங்கதி இருக்கிறது. கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்ற பெண்கள் மற்றவர்களிலிருந்து தனியாகத் தெரியவேண்டும் என்று அவர்களுக்கு ஒரு ஜாக்கெட் கொடுத்தார்கள். 'ஜாக்கெட் பொம்பளைங்க' என்றே அவர்களுக்குப் பெயர். 1866 வரை அந்த வழக்கம் நடந்தது. அதற்கு முன்பே 1697ல் ஒரு சட்டம், ஊர்ப் பணத்தில் பிழைக்கிற ஏழைகள் தோளில் 'பி' என்ற எழுத்தைத் துணியில் தைத்துப் போடவேண்டும் என்றது. 1810ல்தான் அதை எடுத்தார்கள்.

நம்மைப் படிக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். மேலாடை போடாதே, முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டாதே, செருப்புப் போடாதே என்று சட்டம் போட்ட நாட்டுக்காரர்கள் நாம். அங்கே துணியைப் போடச் சொல்லி அவமானப்படுத்தினான். இங்கே துணியைப் போடாதே என்று சொல்லி அவமானப்படுத்தினான்.

ஆனாலும் இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட எனக்கு மனசில்லை. அந்தப் பெண் வொர்க்ஹவுசை விட்டு வெளியேறிய அன்று ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். வேறு ஊருக்குப் போனால் அவளை யாருக்கும் தெரியாது. பழி அவள் பிள்ளையைக் கொஞ்சம் துரத்தும், பேரப்பிள்ளையை விட்டுவிடும். நம்ம ஜாக்கெட் தோலுக்கு அடியில் தைத்தது. வேறு ஊர் போனாலும், வேறு மதம் போனாலும், வேறு நாடு போனாலும் கூடவே வருகிறது. ஏழ்மையும் சாதியும் பங்காளிகள்தான். ஒரே ஆள் இல்லை.

அன்று அங்கே வழிகாட்டிக்கொண்டிருந்த வயசான வெள்ளைக்கார அம்மா எங்களிடம் ஒரு விஷயம் சொன்னாள். அவளுடைய கொள்ளுப்பாட்டி அந்தக் கட்டடத்தில் பிறந்தவளாம். அவளுடைய அம்மா சாகும்வரை அதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மா செத்தபிறகு பழைய பதிவேட்டைத் தேடித்தான் இவள் கண்டுபிடித்திருக்கிறாள். 'இப்போ எல்லார்கிட்டயும் சொல்றேன்' என்று சிரித்தாள். 1904லிருந்து வொர்க்ஹவுசில் பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அந்தப் பெயரைப் போடாமல் சாதாரணத் தெரு விலாசம் போல எழுத அரசாங்கமே வழி செய்தது என்றும் சொன்னாள். பிள்ளைக்குப் பழி வரக்கூடாது என்று.

அண்ணன் மகள் முகம் மாறியதைப் பார்த்தேன். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் சொன்னாள். போன பொங்கலுக்குத் தமிழர்கள் கூடிய இடத்தில் ஒரு அம்மா, 'எந்த ஊரும்மா?' என்று கேட்டிருக்கிறாள். ஊரைச் சொன்னதும், 'அங்க எந்தத் தெரு?' என்று அடுத்த கேள்வி. இவள் டவுன் பக்கம் ஒரு தெருப் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறாள். 'பொய் சொல்லிட்டேன் சித்தப்பா. அம்பேத்கர் படம் மாட்டின வீட்ல பொறந்துட்டு பொய் சொல்லிட்டேன்' என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் எத்தனையோ விண்ணப்பத்தில் 'காலனி' என்ற வார்த்தையை விட்டுவிட்டு விலாசம் எழுதியவன். அந்த வார்த்தையை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது 2025 ஏப்ரலில்தான். இங்கிலாந்திலோ, சாதிப் பாகுபாட்டையும் சமத்துவச் சட்டத்துக்குள் கொண்டுவரவேண்டும் என்று 2013ல் நாடாளுமன்றம் சொன்னது. 2018ல் அரசாங்கம் அது தேவையில்லை என்று முடிவெடுத்தது. வொர்க்ஹவுசை மியூசியம் ஆக்கிய நாட்டில் நம்மாளுக கொண்டுபோன 'எந்தத் தெரு' மட்டும் உயிரோடு நடமாடுகிறது.

இங்கேதான் அறம் சார்ந்த கேள்வி வருகிறது. அவமானப்படுத்திய கருவியைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமா? கிரெசன்ஹாலில் வைக்கலாம். ஏனென்றால் அது முடிந்துபோனது. அதைச் சொல்ல அந்த அம்மா இருக்கிறாள். அவளாகத் தேடினாள், அவளாகச் சொல்கிறாள், சொல்லும்போது சிரிக்கிறாள். நம்ம ஊர் டீக்கடைத் தனிக்குவளையை, கொட்டாங்கச்சியை இன்றைக்கே ஒரு மியூசியத்தில் வைத்து, கீழே 'முற்காலத்தில்' என்று எழுதினால் அது பொய். 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிதண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்த நாடு இது. புழக்கத்தில் இருக்கிற பொருளை மியூசியத்தில் வைப்பவன் வரலாறு எழுதவில்லை, குற்றத்தை மறைக்கிறான். அது நிஜமாகவே முடிந்த பிறகும்கூட, வைக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யவேண்டியது அதில் குடித்தவன்தான், ஊற்றிக் கொடுத்தவன் இல்லை.

4

பொருள் இல்லாதவர்கள் பேசவே முடியாதா என்று கேட்டால், ஒரு பெண் பேசியிருக்கிறாள்.

லோரினா புல்வர் என்று பெயர். 1838ல் பிறந்தவள். அம்மா 1893ல் செத்தபிறகு சொந்த அண்ணன் தம்பியே அவளை கிரேட் யார்மத் வொர்க்ஹவுசில் மனநோயாளிகள் பகுதியில் சேர்த்துவிட்டார்கள். அவளிடம் காகிதமும் பேனாவும் எவ்வளவு இருந்ததோ தெரியாது. ஊசியும் நூலும் கந்தல் துணியும் இருந்தன. துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, பத்தடிக்கு மேல் நீளமாக்கி, அதில் எழுத்து எழுத்தாகத் தைத்தாள். முழுக்கப் பெரிய எழுத்து. கமா இல்லை, முற்றுப்புள்ளி இல்லை. மூச்சு விடாத ஒரே கோபம். யார் தன்னை இங்கே அடைத்தது, தான் யார், தன் பேர் என்ன என்று திரும்பத் திரும்ப. சில இடம் புரியும், சில இடம் புரியாது. தன்னை ராஜ குடும்பத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொள்கிற இடமும் உண்டு. 1912ல் அங்கேயே செத்துப்போனாள்.

அந்தத் துணிக் கடிதம் நார்ஃபோக் மியூசியங்களின் சேகரிப்பில் இருக்கிறது. நான் பார்த்தது படத்தில்தான். படத்திலேயே அந்தத் தையல் என்னை உலுக்கிவிட்டது. பைத்தியம் என்று எழுதிவைத்த டாக்டரின் பதிவேடு ஒரு பொருள். பைத்தியம் என்று அவர்கள் சொன்னவள் தைத்த துணி இன்னொரு பொருள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வரலாறு. ஒன்றை மட்டும் வைத்தால் அது போலீஸ் ரெக்கார்டு.

தலித் எழுத்து தொடங்கியபோது 'இது இலக்கியமா, வெறும் கூச்சலா?' என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இலக்கணம் இல்லை, அழகு இல்லை, ஒரே கோபம் என்றார்கள். முற்றுப்புள்ளி இல்லாமல் தைத்த அந்தப் பெண்ணைப் பார்த்து அவர்கள் என்ன சொல்வார்கள்? நூறு வருஷம் கழித்து அவளை அடைத்தவர்களின் எழுத்தை யார் தேடிப் படிக்கிறார்கள்? அவள் துணிக்கு முன்னால்தான் நிற்கிறார்கள்.

5

தெட்ஃபோர்ட் என்ற சின்ன ஊருக்கும் போனோம். அங்கே ஒரு பழைய மரவீடு மியூசியமாக இருக்கிறது. 1921ல் அந்த வீட்டை ஊருக்குக் கொடுத்தவர் பிரெடெரிக் துலீப் சிங். பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்கின் மகன். 1849ல் பத்து வயசுப் பிள்ளையிடமிருந்து நாட்டையும் கோஹினூர் வைரத்தையும் வெள்ளைக்காரன் பறித்தான். பிறகு அந்த மகாராஜா தெட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் எல்வடன் பங்களாவில் வாழ்ந்தார். ஊரில் அவருக்குக் குதிரைமேல் இருக்கிற சிலை உண்டு.

அநியாயம்தான், மறுக்கவில்லை. கோஹினூரைத் திருப்பிக் கொடு என்று கேட்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் அந்த வைரத்தைச் சுரங்கத்திலிருந்து வெட்டி எடுத்தவன் யார் என்று கேட்டு ஒரு குரலையும் நான் கேட்டதில்லை. ராஜாவிடமிருந்து பறித்தால் அது தேசத்தின் இழப்பு. ராஜா பறித்தது யாரிடமிருந்து?

அதே ஊரில்தான் 1737ல் தாமஸ் பெயின் பிறந்தார். பெண்களின் உள்ளுடை தைக்கிற தொழிலாளியின் மகன். தானும் அதே தொழில் பார்த்தவர். 'மனிதனின் உரிமைகள்' எழுதியதற்காக 1792ல் அவரைத் தேசத்துரோகி என்று தீர்ப்பளித்தார்கள். 1809ல் அமெரிக்காவில் செத்தார். பத்து வருஷம் கழித்து வில்லியம் காபெட் என்பவர் அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து, இங்கிலாந்தில் மரியாதை செய்யவேண்டும் என்று கொண்டுவந்தார். மரியாதை நடக்கவில்லை. எலும்புகளும் தொலைந்துபோயின. 1964ல் ஊரில் தங்க முலாம் பூசிய சிலை வைத்தார்கள். கையில் இருக்கிற புத்தகம் தலைகீழாக இருக்கிறது.

மிஞ்சாத மனிதர் அவர். ஆனால் அந்தப் புத்தகம் கப்பலேறிப் புனாவுக்குப் போனது. 1847 வாக்கில் ஜோதிபா புலே என்ற தோட்டக்காரச் சாதி இளைஞன் அதைப் படித்தான். பிறப்பால் எவனும் எவனுக்கும் கீழில்லை என்ற யோசனை அவனைப் பிடித்துக்கொண்டது. அடுத்த வருஷமே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். 1873ல் 'குலாம்கிரி'. அந்தப் புலேயைத்தான் பாபாசாகேப் தன் மூன்று குருமார்களில் ஒருவராகச் சொன்னார். நார்ஃபோக்கில் ஒரு தையல்காரன் வீட்டில் பிறந்தது, அண்ணன் மகள் சொன்ன அந்த அம்பேத்கர் படம்வரை வந்து சேர்ந்திருக்கிறது. இதை எந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பீர்கள்? பொருள் வழியாக மட்டும் வரலாற்றைப் பார்த்தால் பெயின் ஒரு தொலைந்துபோன எலும்புக்கூடு. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பார்த்தால்தான் அவர் யார் என்று தெரியும்.

6

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் கடற்கரைக்குப் போனோம். ஊர்ப் பெயரை ஹேஸ்பரோ என்று சொல்கிறார்கள். கடல் அரித்து அரித்துக் கரை சரிந்து கிடக்கிறது. 2013 மே மாதம் அங்கே மணல் விலகியபோது பழைய சேற்றில் மனிதக் காலடிகள் தெரிந்தன. ஐம்பது தடம் இருக்கும். எட்டரை லட்சம் ஆண்டுகளுக்கு மேல் வயசு என்றார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே கிடைத்த மனிதக் காலடிகளில் மிகப் பழையவை என்றார்கள். குறைந்தது ஐந்து பேர், பெரியவர்களும் பிள்ளைகளும். ஆற்றோரமாக நடந்திருக்கிறார்கள். அவசரமாகப் படம் பிடித்து அளவெடுத்தார்கள். இரண்டு வாரத்தில் கடல் அழித்துவிட்டது.

நார்ஃபோக்கின் வரலாற்றில் முதல் மனிதர்கள் அவர்கள்தான். கழுத்தணி இல்லை, கோட்டை இல்லை, பெயர் இல்லை. வெறுங்காலோடு நடந்துபோன ஒரு கூட்டம். அந்த மாவட்டம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது.

நான் அங்கே நின்று 'சாதி ஒழிப்பு' நூலை நினைத்துக்கொண்டேன். 1936ல் பாபாசாகேப் அதில் எழுதினார். பேஷ்வாக்களின் புனாவில் தீண்டத்தகாதவன் இடுப்பில் துடைப்பம் கட்டிக்கொண்டு நடக்கவேண்டும். அவன் காலடித் தடத்தை அதுவே பெருக்கி அழித்துவிடவேண்டும். தெரியாமல் அந்தத் தடத்தில் கால் வைக்கிற இந்து தீட்டுப்பட்டுவிடக்கூடாது. எச்சில் துப்பக் கழுத்தில் ஒரு கலயம்.

உலகத்தில் எந்த மியூசியமும் இந்தத் துடைப்பம் சொல்வதைச் சொல்லிவிடாது. மற்ற மனிதர்களின் தடத்தைக் கடல் அழித்தது, காற்று அழித்தது, மழை அழித்தது. நம்ம தடத்தை நம்மை வைத்தே அழித்தார்கள். நம்மிடம் பொருள் மிஞ்சாததற்கு மண் மட்டும் காரணம் இல்லை. மிஞ்சக்கூடாது என்று சட்டம் இருந்தது.

அண்ணன் மகளுக்கு அங்கேதான் பதில் சொன்னேன். பெருமையான பதில் இல்லை.

எங்கம்மாவிடம் ஒரு கருக்கருவாள் இருந்தது. அறுப்புக்குக் கொண்டுபோகிற பல்லு வைத்த அருவாள். பிடி தேய்ந்து எங்கம்மா கையின் அச்சு அதில் பள்ளமாக விழுந்திருந்தது. நான் காலேஜில் சேர்ந்த வருஷம் கூடப் படிக்கிற ஒருவன் வீட்டுக்கு வருவதாகச் சொன்னான். வீட்டைச் சுத்தம் செய்தேன். செருகியிருந்த கூரையிலிருந்து அந்த அருவாளை எடுத்துப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுப் பேரிச்சம்பழம் வாங்கிவிட்டேன். கூலிக்காரி வீடு என்று தெரியக்கூடாது எனக்கு. அடுத்த அறுப்பு அன்று விடியக்காலம் எங்கம்மா கூரையெல்லாம் தடவிப் பார்த்துச்சு. என்னை ஒரு தடவை பார்த்துச்சு. ஒண்ணும் கேட்கல. பக்கத்து வீட்டில் கடன் வாங்கின அருவாளோடு போச்சு.

'துடைப்பத்த நானே கட்டிக்கிட்டேன்மா' என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'அடுத்த பொங்கலுக்கு அந்தம்மா கேட்டா தெருப் பேரச் சொல்லிடறேன் சித்தப்பா' என்றாள். சொல்வாளா, சொல்லமாட்டாளா, அது அவள் பாடு. அவள் அங்கே பிழைக்கவேண்டும். நான் எதுவும் சொல்லவில்லை.

தோழர்களே, நமக்கென்று மியூசியம் எழுப்புவது அவசியம்தான், அதற்குக் காலம் வரும். இன்றைக்கு உங்கள் வீட்டில் ஒரு பறையோ, அருவாளோ, முறமோ, கிழிந்த பள்ளிக்கூடச் சான்றிதழோ இருந்தால் இரும்புக்காரனிடம் போடாதீர்கள். ஒரு காகிதத்தில் எழுதிச் செருகிவையுங்கள்: யார் செய்தது, யார் சுமந்தது, யார் தொடக்கூடாது என்றது. பொருள் இல்லாதவர்கள் உங்கள் ஆயாவிடம் போய் உட்காருங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள், முற்றுப்புள்ளி இல்லாவிட்டால் பரவாயில்லை.

எங்கம்மா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அருவாள் இல்லை. அதனால் இதை எழுதிவைக்கிறேன்.